அடுத்த கோச் யாரு?

சென்னை சூப்பர் கிங்ஸின் கோச் யார் என்று கேட்டால், எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன்கூட ஸ்டீபன் ஃபிளெமிங் என்று சொல்லிவிடுவான். 2009-இலிருந்து அவர்தான். 2025 ஐபிஎல்லில் அந்த அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்துக்குப் போனது. அப்போதும் அவர்தான் கோச், அடுத்த ஆண்டுக்கும் அவர்தான். அதே ஊரில், சூப்பர் கிங்ஸின் தோனி பங்குதாரராக உள்ள கால்பந்து அணியின் கோச் யார் என்று அந்தப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். “எந்த வருஷத்துக் கோச் சார்?” என்று திருப்பிக் கேட்பான்.

அவன் கேட்பதில் தப்பே இல்லை. 2014-இல், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியபோதே பிறந்த சென்னையின் எஃப்சிக்கு மார்கோ மட்டராஸி, ஜான் கிரிகரி, ஓவன் காயில், சபா லாஸ்லோ, போஷிதார் பாண்டோவிச், தாமஸ் பெர்டாரிச், மறுபடியும் ஓவன் காயில், அதன்பின் கிளிஃபோர்ட் மிராண்டா என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தாலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஹங்கேரி, மாண்டினீக்ரோ, ஜெர்மனி எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் கோவாவுக்கு வந்திருக்கிறோம். நடுவே 2022-இல், சீசன் முடியும் முன்பே ஒருவர் கிளம்பிவிட, மிச்சமிருந்த சில ஆட்டங்களைத் தாங்கிப் பிடித்தவர் நம்ம இந்தியன் வங்கி அணியில் ஆடிய சையத் சபீர் பாஷா.

நான் வடசென்னைப் பள்ளி ஒன்றில் பி.டி. மாஸ்டர். கால்பந்துப் பயிற்சியாளர் சான்றிதழ்களில் கீழ்ப்படியில் இருக்கும் டி லைசன்ஸ் என்னிடம் உண்டு. அதனால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்ததும், எங்கள் கூட்டம் என்னைத்தான் பஞ்சாயத்துக்கு உட்கார வைக்கும். தோற்ற நாளில் ஒருவரும் நேராக மெட்ரோவுக்குப் போகமாட்டார்கள். டீக்கடை வாசலில் பேச்சு தொடங்கும். மேட்சைப் பற்றிப் பத்து நிமிடம், அதன்பின் ஒரே கேள்விதான்: இந்த ஆளைத் தூக்கிட்டு யாரைப் போடலாம்?

இந்தப் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் கால்பந்து ஆடும் ஊரெல்லாம் நடக்கும் பேச்சுதான் இது. ஆனால் நம்ம ஊர் அணியின் கதையில் ஒரு விசேஷம் இருக்கிறது. கோச்சால் என்ன முடியும், என்ன முடியாது என்பதற்கு இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு தெளிவான உதாரணங்கள் வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம்.

மூன்று கட்சிகள்

எங்கள் டீக்கடையில் மூன்று கட்சி. முதல் கட்சிக்குத் தலைவர், ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன். “பெரிய பேரு வேணும் மாஸ்டர். ஐரோப்பாவுல ஆடினவன், நடத்தினவன். அவன் வந்து நின்னாதான் பசங்க பயப்படுவாங்க.” இரண்டாவது கட்சி, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் தம்பி. அவன் கையில் எப்போதும் புள்ளிவிவரம் இருக்கும். “இந்தியன் கோச் போடுங்க சார். நம்ம பசங்களத் தெரிஞ்சவன் வரட்டும்.” மூன்றாவது கட்சிக்குத் தலைவர் கிடையாது. ஆனால் ஆள்பலம் அதற்குத்தான் அதிகம். “போன தடவை ஜெயிச்சுக் கொடுத்தாரே, அந்த ஆளையே திரும்பக் கூப்பிடு.”

மூன்றையும் கிளப் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மட்டராஸியைத் தூக்கச் சொன்ன மாதம்

2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடான் தலையால் முட்டியது யாரை என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த மட்டராஸிதான் நம்ம முதல் கோச். அதற்கு முன் எந்த அணிக்கும் கோச்சாக இருந்தவர் இல்லை. 2014-இல் ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் ஒரே ஆளாக வந்து நின்றார். லீக் சுற்றில் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் முதல் ஆட்டம் 0-3. இங்கே நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அந்த மூன்று கோலையும் திருப்பி அடித்துச் சமன் செய்துவிட்டு, கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி வெளியேறினோம்.

அடுத்த ஆண்டு 10 ஆட்டத்தில் 10 புள்ளி. கடைசி இடம். டீக்கடையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பெரிய ஆட்டக்காரன் எல்லாம் நல்ல வாத்தியார் ஆகிவிட முடியாது என்று, பெரிய பேர் கேட்கும் ஐசிஎஃப் அண்ணனே சொன்னார். கிளப் ஒன்றும் செய்யவில்லை. மிச்சமிருந்த நான்கு ஆட்டத்தையும் அணி ஜெயித்து, மூன்றாம் இடத்துக்கு ஏறி, அரையிறுதிக்குள் நுழைந்தது.

அதற்குள் டிசம்பர் வெள்ளம். ஊரே தண்ணீரில் நின்ற நேரத்தில், நம் மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தோம். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் எஃப்சி கோவா 2-1 என்று முன்னிலை. கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டுச் சொந்த கோலாக ஒன்று விழுந்தது. அடுத்து, காயத்துக்குக் கூட்டிக் கொடுத்த நேரத்தில் கொலம்பியாக்காரர் ஸ்டிவன் மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை நமக்கு. அந்த சீசனில் 13 கோல் அடித்து அதிக கோலுக்கான விருதும் மெண்டோசாவுக்குத்தான்.

மட்டராஸி நல்ல கோச்சா, மெண்டோசா நல்ல ஆட்டக்காரரா? அந்தப் பத்தாவது ஆட்டத்தோடு அவரை அனுப்பியிருந்தால், புதிதாக வந்தவர் நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த மந்திரவாதியாக இன்றைக்கும் பேசப்பட்டிருப்பார். அடுத்த ஆண்டு அதே மட்டராஸியின் அணி ஏழாம் இடம். 2017 தொடக்கத்தில் அவர் கிளம்பினார்.

ஒரே ஆள், கோப்பையும் கடைசி இடமும்

அடுத்து வந்தவர் ஜான் கிரிகரி. 2000-இல் ஆஸ்டன் வில்லாவை இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். வந்த முதல் சீசனிலேயே லீகில் இரண்டாம் இடம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரு எஃப்சியின் சொந்த மண்ணில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டார். ஸ்டேடியம் ஆடியது. அதன்பின் இரண்டு கார்னர். இரண்டிலும் பிரேசிலின் மெயில்சன் ஆல்வெஸ் எழும்பி முட்டினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட, 3-2 என்று இரண்டாவது கோப்பையும் வந்தது.

கோச்சின் வேலை கண்ணுக்குத் தெரியும் இடம் கார்னர்தான் என்று என் பையன்களுக்குச் சொல்வேன். ஓடும் ஆட்டத்தில் பாதி ஆட்டக்காரனின் மூளை, பாதி அதிர்ஷ்டம். பந்தை நிறுத்தி வைத்து ஆடும் ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது, யார் எதிராளியை மறிப்பது, யார் கடைசியில் ஓடி வருவது என்பதெல்லாம் பயிற்சியில் நூறு தடவை ஒத்திகை பார்த்த விஷயம். அந்த இரண்டு கோலிலும் கிரிகரியின் கைரேகை இருந்தது.

அடுத்த சீசன் அதே கிரிகரி, அதே கிளப். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. ஒன்பது புள்ளியோடு பத்து அணிகளில் பத்தாம் இடம். ஒரு மனிதன் ஒரு வருடத்தில் தொழிலை மறந்துவிடுவானா? மாறியதெல்லாம் வேறு. கேப்டனாக நின்று பின்வரிசையைக் கட்டிக்காத்த போர்ச்சுகல்காரர் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தில் பந்தைப் பறித்துக் கொடுத்த நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் சீசன் முழுக்க வெளியே. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜேஜே, அந்த சீசனில் லீகில் போட்டது ஒன்று. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கோப்பை வாங்கிய அணியின் முதுகெலும்பே இல்லை. ஆனால் டீக்கடையில் பேசப்பட்டது கிரிகரியின் வயதும் அவருடைய பழைய காலத்து ஆட்டமுறையும்தான்.

அதே 2018-19-இல் தமிழ்நாட்டில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கோயம்புத்தூரில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்சி, ஐ-லீக் கோப்பையை வென்றது. கோச், சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். ஐரோப்பியப் பேர் கிடையாது. 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி முன்னால் நிற்க, சுற்றிலும் எட்வின் வன்ஸ்பால் மாதிரி நம்ம ஊர்ப் பையன்கள். ஒரே மாநிலத்தில் ஒரே சீசனில் ஒரு தேசிய லீகின் முதலிடமும் இன்னொரு தேசிய லீகின் கடைசி இடமும். அன்றைய விதிப்படி அவர்கள் மேலே வரவும் வழியில்லை, நாம் கீழே இறங்கவும் வழியில்லை. இங்கிலாந்தில் கடைசி மூன்று அணிகள் கீழ் லீகுக்குத் தள்ளப்படும். அப்போது கிளப்பே ஆட்டம் காணும், சம்பளம் குறையும், ஆட்கள் விற்கப்படுவார்கள். இங்கே அப்போது அப்படி ஒரு தண்டனை இல்லாததால், கடைசி இடத்துக்கு யாராவது பலியாக வேண்டுமென்றால் கோச் ஒருவர்தான் மிச்சம்.

ஆறு ஆட்டம், பன்னிரண்டு ஆட்டம்

கிரிகரியை உடனே பலியிடவில்லை. 2019-20-க்கும் அவரே வந்தார். முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு. தொண்ணூறு நிமிடம் வரை 0-0. கூடுதல் நிமிடங்களில் நாம் ஒன்று, அவர்கள் ஒன்று, மறுபடி நாம் ஒன்று என்று 2-1. ஆறாவது ஆட்டம் டிரா. ஆறு ஆட்டத்தில் ஐந்து புள்ளியோடு நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார்.

டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். 2009-இல் பர்ன்லி என்ற சின்ன கிளப்பை இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர். பெரும்பாலும் கிரிகரி காலத்தில் சேர்த்த ஆட்கள்தான்: லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ், பிரேசிலின் கிரிவெல்லாரோ, நம்ம சாங்தே, அனிருத் தாப்பா. அதே ஆட்களை வைத்து அடுத்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்தார். கொச்சிக்குப் போய் கேரளாவை 6-3 என்று அடித்த ஆட்டமும் அதில் உண்டு. நான்காம் இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5, அதன்பின் இறுதி ஆட்டம். கொரோனா வந்துவிட்டதால் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம். 15 கோலோடு வால்ஸ்கிஸுக்கு அதிக கோலுக்கான விருது.

“பாத்தியா மாஸ்டர், கோச்தான் எல்லாம்!” என்றார் ஐசிஎஃப் அண்ணன். அவர் கேட்க மறுத்த ஒரு கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எந்த அணியும் கோச்சை நன்றாக ஆடும்போது அனுப்புவதில்லை. குழியின் அடியில் இருக்கும்போதுதான் அனுப்பும். அடியில் இருப்பவனுக்கு அங்கிருந்து போக மேலேதான் வழி. மூன்றாம் நாள் தானாக இறங்கும் காய்ச்சலுக்கு, அன்றைக்கு மருந்து கொடுத்த டாக்டருக்குப் பேர் கிடைப்பது மாதிரி. பாஸ் டெர் வேல் என்ற நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர், 1986 முதல் 2004 வரை தன் நாட்டு லீக் ஆட்டங்களை எடுத்து இதைச் சோதித்தார். கோச்சை மாற்றிய அணிகள் அதன்பின் தேறின. ஆனால் அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளும் அதே மாதிரித் தேறின. கோச்சை மாற்றியதால்தான் தேறின என்று சொல்ல அந்தக் கணக்கில் இடமில்லை.

2015-இல் நாம் மாற்றவில்லை, ஏறினோம். 2019-இல் மாற்றினோம், ஏறினோம். நெதர்லாந்துக்காரர் பதினெட்டு ஆண்டுக் கணக்கில் கண்டதை நம்ம அணி இரண்டே சீசனில் காட்டியிருக்கிறது.

அதற்காகக் காயில் சும்மா வந்து நின்றார் என்று சொல்லமாட்டேன். 12 ஆட்டத்தில் 24 புள்ளி தானாக வராது. முன்னே நின்று பயமில்லாமல் ஆடச் சொன்னார். கோல் முன்னால் தடுமாறிக்கொண்டிருந்த சாங்தே அந்த சீசனில் 7 கோல் போட்டார். அதே சாங்தே பிறகு மும்பை சிட்டிக்குப் போய் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் வாங்கினார். ஓர் இளைஞனுக்குத் தன்மேல் நம்பிக்கை வரவைப்பது கோச்சின் வேலைதான். நான் சொல்வது அளவைப் பற்றி. சைமன் கூப்பர், ஸ்டெஃபான் சிமான்ஸ்கி என்ற இருவர் இங்கிலாந்துக் கிளப்புகளின் கணக்கைப் பல ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நீண்ட காலத்தில் ஒரு கிளப் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதத்தை அது ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்றார்கள். கோச்சுக்கு மிஞ்சுவது அந்த மிச்சத்தில் ஒரு பங்கு. நாம் டீ ஆறும்வரை சண்டை போடுவது அந்தப் பங்குக்காகத்தான்.

பெர்குசன் வந்துவிடுவார்

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் பெர்குசனை இழுத்து வருவார். “மான்செஸ்டர் யுனைடெட் அவருக்கு டைம் கொடுத்தாங்க இல்ல?” கொடுத்தார்கள்தான். 1986 நவம்பரில் வந்த அலெக்ஸ் பெர்குசனுக்கு முதல் லீக் பட்டம் 1993-இல்தான். 1989 டிசம்பரில், அவர் போக வேண்டும் என்று ஸ்டேடியத்திலேயே ரசிகர் ஒருவர் பேனர் பிடித்தார். அடுத்த மாதம் எஃப்.ஏ. கோப்பையில் நாட்டிங்காம் ஃபாரஸ்டோடு ஆடிய ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒரு கோல், அந்த ஆண்டுக் கோப்பைக்கு வழி திறந்தது. மிச்சம் வரலாறு.

ஆனால் பெர்குசன் கதையை மட்டும் வைத்துப் பொறுமைக்கு மதிப்பு போடக் கூடாது. நேரம் கொடுக்கப்பட்டும் ஒன்றும் ஆகாமல் போன கோச்சுகள் பல பேர் உண்டு. அவர்கள் பேர் நமக்குத் தெரியாது, அதனால் அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. அதே மான்செஸ்டரில் பெர்குசன் 2013-இல் ஓய்வு பெற்றபின் மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று எத்தனை பேர் வந்து போய்விட்டார்கள்! இன்னொரு பெர்குசன் கிடைக்கவில்லை. பெர்குசனுக்கு நேரம் மட்டும் கொடுக்கவில்லை. யாரை வாங்குவது, யாரை விற்பது, இளைஞர் அணியை எப்படி நடத்துவது என்ற அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெக்காம், ஸ்கோல்ஸ், கிக்ஸ் எல்லாம் அந்த இளைஞர் அணியில் வளர்ந்தவர்கள். அதிகாரம் இல்லாத நேரம், தண்டனைக் காலத்தை நீட்டுவது மாதிரிதான்.

பழைய ஆள் திரும்பி வந்தபோது

காயில் அந்த ஒரு சீசனோடு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2021-22-இல் அந்த அணியை லீக் முதலிடத்துக்குக் கொண்டுபோய் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். இங்கே லாஸ்லோ வந்தார். 20 ஆட்டத்தில் 11 டிரா, எட்டாம் இடம். பாண்டோவிச் வந்தார். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் போனார். அந்த சீசனும் எட்டாம் இடம். பெர்டாரிச் வந்தார், எட்டாம் இடம். மூன்று நாட்டுக்காரர், மூன்று விதமான ஆட்டம், ஒரே இடம்! கோச் மாறினால் எல்லாம் மாறும் என்பவர்கள் இந்த மூன்று எட்டையும் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும்.

2023-இல் மூன்றாவது கட்சியின் வேண்டுதல் பலித்தது. காயில் திரும்பி வந்தார். ஸ்டேடியத்தில் திருவிழாதான். முதல் சீசனில் ஆறாம் இடம், நான்கு ஆண்டுக்குப்பின் பிளேஆஃப். அங்கே கோவாவிடம் 1-2. சரி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றோம். அடுத்த ஆண்டு 13 அணிகளில் 11-ஆம் இடம். 2025 கோடையில் அவரும் கிளம்பினார்.

பழைய ஆளைக் கூப்பிடும் கட்சிக்காரர்கள் உண்மையில் கூப்பிடுவது ஆளை இல்லை, அந்தக் காலத்தை. காயில் வந்தார். 2020-இன் வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் அதே வயதில், அதே காலில், அவரோடு திரும்பி வரவில்லை.

நம்ம ஆள்

இப்போது இரண்டாவது கட்சி. எனக்கு இதில் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தேசப்பற்றைக் காரணமாகச் சொல்லமாட்டேன். விதியைக் காரணமாகச் சொல்வேன்.

2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது, களத்தில் நிற்கும் 11 பேரில் ஆறு பேர் வெளிநாட்டுக்காரராக இருக்கலாம். 2017-இல் அது ஐந்தானது. 2021-22-இலிருந்து நான்கு. அதாவது, முன்பு களத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டான், இன்று ஏழு பேர் இந்தியர். ஆறு வெளிநாட்டுக்காரர் காலத்தில், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஆட்களைத் தெரிந்த கோச்சுக்கு மதிப்பு இருந்தது. ஒரு போன் போட்டால் எலானோ மாதிரி ஒரு வெளிநாட்டு நட்சத்திரம் வருவார். நான்கு பேர் காலத்தில், மிசோரமில் எந்தப் பையன் இடது காலில் நன்றாக கிராஸ் போடுவான், சந்தோஷ் டிராஃபியில் யார் கண்ணில் பட்டான், எவன் வீட்டுக் கஷ்டத்தால் பயிற்சியை விட்டுவிடுவான் என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. புதிதாக வரும் ஐரோப்பியருக்கு இதையெல்லாம் கற்றுக்கொள்ளவே ஒரு சீசன் போய்விடும். அதற்குள் நாம் அவரை அனுப்பிவிடுவோம்.

காலித் ஜமீலைப் பாருங்கள். 2017-இல் ஐஸால் என்ற மலையூர் அணியை ஐ-லீக் சாம்பியனாக்கியவர். 2020-21 சீசனின் நடுவில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டைத் தற்காலிகமாகக் கையில் எடுத்தார். தோல்வியே இல்லாமல் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அதன்பிறகுதான் ஐஎஸ்எல்லில் முதன்முறையாக ஓர் இந்தியருக்கு நிரந்தரக் கோச் பதவி கிடைத்தது. லீக் தொடங்கி ஏழு ஆண்டு ஆகியிருந்தது. 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணிக்கே கோச் ஆனார். கிளிஃபோர்ட் மிராண்டாவும் அப்படித்தான். 2023-இல் ஒடிசாவைத் தற்காலிகமாக ஏற்று சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இருவருக்குமே முதலில் கிடைத்தது ‘தற்காலிகம்’ என்ற நாற்காலி. வெளிநாட்டுக்காரர் பயோடேட்டாவைக் காட்டி வேலை வாங்குகிறார். நம்ம ஆள் முதலில் இலவசமாக நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

“அப்ப தமிழ்நாட்டு ஆளு எப்ப மாஸ்டர்?” என்று வியாசர்பாடிப் பையன் ஒருவன் கேட்டான். மேல் லீகில் தலைமைக் கோச் ஆக ப்ரோ லைசன்ஸ் வேண்டும். அது டி, சி, பி, ஏ என்று ஒவ்வொரு படியாக ஏறினால் வருவது. ஒவ்வொரு படிக்கும் நடுவில் அணிகளை நடத்திய அனுபவம் வேண்டும், லீவு வேண்டும், பணம் வேண்டும். என்னைப் போன்ற பி.டி. மாஸ்டர்களில் பெரும்பாலோர் முதல் படியிலேயே நிற்கிறோம். தெருத்தெருவாகப் பந்து ஆடும் வடசென்னையிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கோச்சுகள் வராததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, அந்தப் படிக்கட்டுதான்.

கோச் இருக்கிறார், லீக் எங்கே?

இத்தனை வாதத்துக்கும் நடுவே 2025-இல் ஒன்று நடந்தது. லீகை அப்போது நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010-இல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்தது. அதைப் புதுப்பிக்காமலே இழுத்துக்கொண்டு போனார்கள். ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி முதல் அணியின் வேலைகளையே நிறுத்திவைத்தது. ஆட்டக்காரர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத நிலை. பல மாதம் கழித்து, 2026 பிப்ரவரியில்தான் சுருக்கப்பட்ட சீசன் தொடங்கியது.

மிராண்டா கோச் ஆனது அந்த 2025-இல்தான். எங்கள் கூட்டத்தில் அவரைப் பற்றி ஒரு பெரிய விவாதமே நடந்தது. பின்வரிசையில் நான்கு பேரா, மூன்று பேரா என்று சோழிங்கநல்லூர் தம்பி வரைபடம் போட்டுக் காட்டினான். ஆட லீக் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

கோச்சைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெளிவானது. ஒப்பந்தம், ஒளிபரப்புப் பணம், யாரை வாங்குவது, இளைஞர் அணிக்கு எவ்வளவு செலவு, பயிற்சி மைதானம் எங்கே என்பதெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பவை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களை நாம் பார்த்ததில்லை. கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரை மட்டும் தொண்ணூறு நிமிடமும் பார்க்கிறோம். அணியின் எல்லாப் பாவமும் அவர் தலையில் ஏறுவது இயல்பு. கிளப்புகளுக்கும் அது வசதி. 25 ஆட்டக்காரர்களை மாற்றுவதைவிட ஒரு கோச்சை மாற்றுவது மலிவு. ரசிகர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று பேரும் வாங்கிக்கொள்ளலாம்.

ரசிகன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. பேச வேண்டும், இன்னும் சத்தமாகவே பேச வேண்டும். கேள்வியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறேன். யார் அடுத்த கோச் என்பதற்கு முன் மூன்று கேள்வி இருக்கிறது. வருகிறவருக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா, இல்லை யாரோ வாங்கி வைத்ததை வைத்து ஆட வேண்டுமா? நம்ம ஊர் லீகிலிருந்தும் இளைஞர் அணியிலிருந்தும் எத்தனை பையன்களுக்கு, எத்தனை நிமிடம் களம் கிடைக்கும்? அவர் தோற்க ஆரம்பித்தால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள் என்பதை இப்போதே சொல்வீர்களா? சபீர் பாஷா, மிராண்டா, வெளிநாட்டுப் பேர் யாராக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் கிளப்பிடம் பதில் இல்லையென்றால், பேர் மட்டும்தான் மாறும்.

இதைச் சொன்னபோது ஐசிஎஃப் அண்ணனுக்குத் திருப்தி இல்லை. “அதெல்லாம் வுடு மாஸ்டர், ஒரு பேரைச் சொல்லு” என்றார்.

“யாரா இருந்தாலும் மூணு சீசன் குடுங்கண்ணே.”

“மூணு சீசனும் எட்டாவது எடம் வந்தா?”

“அப்ப கோச்சை அனுப்பலாம். கூடவே அவரைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம். மூணு தடவை எட்டாவது எடம் வந்தப்போ ஒவ்வொரு தடவையும் கோச்சு போனாரு. அவங்கள யாரும் எதுவும் கேட்கல.”

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கையில் ஓர் இத்தாலியன் பேர் ஏற்கெனவே தயாராக இருந்தது.